உயிர்மீட்புப் படிப்பு: வாசகர் கேள்விகள்

முதல் பருவம் முழுக்க உடற்கூறியலும் உடலியங்கியலும்தான். ஆம்புலன்ஸில் ஏறப்போகிறவனுக்கு இவ்வளவு எதற்கு?

ஷாக், அதாவது உடலுக்குப் போதிய ரத்தம் ஓடாத நிலை, பாடமாக வரும்போது தெரியும். ரத்தம் கொட்டினால் குழாய்கள் சுருங்கும், இதயம் வேகமெடுக்கும், அழுத்தம் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். 30 சதவீத ரத்தம் போகும்வரைகூட பி.பி. பெரிதாக இறங்காமல் இருக்கலாம். இது தெரியாதவர் 120/80 பார்த்து நிம்மதியாகிவிடுவார். தெரிந்தவர் சில்லிட்டு வியர்த்த கையைத் தொட்டதுமே சந்தேகப்படுவார்.

ரத்தம் நிற்கக் கை காலில் இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட்டை அவ்வப்போது தளர்த்த வேண்டுமா?

கூடாது. கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். அவிழ்ப்பது மருத்துவமனையின் வேலை.

ஆறு மாதமாகியும் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பேக்-மாஸ்க்கோடு நிறுத்திவைத்திருக்கிறார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும் இன்ட்யூபேஷன் எப்போது?

இந்தக் கடிதம் மட்டும் வராமல் இருப்பதே இல்லை. குழாய் போட்டால்தான் வீரம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? குழாய் உள்ளே போகாவிட்டால் நீங்கள் திரும்பி வர வேண்டிய இடமே பேக்-மாஸ்க்தான். தாடையைத் தூக்கி, காற்று கசியாமல் மாஸ்க்கைப் பிடித்து, நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும் அமுக்க வருகிறதா? பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 தடவை அமுக்குகிறவர்கள்தான் அதிகம். நாடி இருந்து மூச்சு நின்ற வயதுவந்தவருக்கு 6 நொடிக்கு ஒன்று போதும். கூடுதலாக ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். வயிற்றில் காற்று நிறைந்து வாந்தி மூச்சுப்பாதைக்குள் போகும். நீங்கள் அலுத்துக்கொண்ட முதல் பருவப் பாடம்தான் இது. அப்புறம் வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபி அலையைப் படிக்கப் பழகுங்கள். குழாய் உணவுக்குழாயில் கிடப்பதை அது காட்டிக்கொடுக்கும். இத்தனையும் ஆன பிறகு, குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைத் தொடலாம்.

ஆக்சிமீட்டர் 98 காட்டினால் ஆக்சிஜன் வேண்டாம்தானே?

நோயாளிக்கு என்ன ஆனது என்பதை முதலில் எழுதக் கூடாதா? கடைசி வரியில் போகிறபோக்கில் ‘தீ விபத்து’ என்கிறீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் சாதாரண ஆக்சிமீட்டர் நல்ல ரத்தமாகவே காட்டும். நம்பரை விடுங்கள், ஆக்சிஜனை முழு அளவில் கொடுங்கள். சரி, அந்தப் புகைக்குள் மூச்சுக்கருவி இல்லாமல் போனது யார்? முதலில் இடம் பாதுகாப்பா என்று பாருங்கள்.

சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கிச் செய்யும் முதலுதவி) சான்றிதழ் 2 வருடம் செல்லுபடியாகும். நடுவில் பயிற்சி தேவையா?

சான்றிதழுக்குத்தான் 2 வருடம். கைப்பழக்கம் சில மாதங்களிலேயே தேயும். ஆழம் 5 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக எழ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பொம்மையில் போட்டுப் பாருங்கள்.

மூடிய தொட்டிக்குள் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். முதலில் மூச்சா, நாடியா?

இரண்டும் இல்லை. இடம் பாதுகாப்பா? இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. மூச்சுக்கருவியோடு மீட்புக் குழு வந்து அவரை மேலே ஏற்றும்வரை வெளியிலேயே நில்லுங்கள்.