வைப்பிட்ட காசு யாருடையது?

கேள்வி: வங்கியில் வேலை செய்துகொண்டே வங்கிச் சட்டம் படிக்கிறேன். குறிப்புகளில் பாதி இங்கிலாந்து வழக்குகள். இலங்கையில் நமக்கு ரோமன்-டச்சுச் சட்டம்தானே, இவற்றை விட்டுவிடலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: விட்டுவிடாதீர்கள். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். வங்கி விவகாரத்தில் நம் நாட்டுச் சட்டம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் இங்கிலாந்துச் சட்டமே செல்லும். அதனால்தான் 1848இன் ஃபோலி எதிர் ஹில் வழக்கு புதுக்கடை நீதிமன்றங்களிலும் எடுபடுகிறது. அதன்படி நீங்கள் வைப்பிட்ட காசு வங்கியுடையதாகிவிடும்; வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கும். 'வாடிக்கையாளரின் காசை வங்கி பாதுகாத்து வைத்திருக்கிறது' என்று எழுதினால் புள்ளி போய்விடும். பெட்டகத்தில் வைத்த தாலிக்கொடி வேறு. அது என்றும் உங்களுடையதே.

இந்தக் கடனிலும் ஒரு விசேஷம் உண்டு. சாதாரணக் கடனாளி தானே தேடிப்போய்க் கட்ட வேண்டும். நடைமுறைக் கணக்குக் காசையோ, கேட்டால்தான் வங்கி கொடுக்க வேண்டும். 1921இன் ஜோக்கிம்சன் வழக்கு சொல்வது அதுதான். வழக்குப் போடுவதற்கான காலாவதிக் கணக்கும் கேட்ட நாளிலிருந்தே ஓடும்.

பலர் குழம்பும் இன்னொரு இடம், வங்கி கடனை அறவிடுவதற்கான 1990ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்கள். 2ஆம் இலக்கச் சட்டத்தில் வங்கி நீதிமன்றம் போகிறது; எதிராளி அனுமதி பெற்றுத்தான் வாதாடலாம். 4ஆம் இலக்கச் சட்டம்தான் பராட்டே: நீதிமன்றம் போகாமல், பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஈட்டுச் சொத்தை ஏலமிடலாம். இலக்கத்தை மாற்றி எழுதினால் விடை முழுதும் தலைகீழ்.

கேள்வி: நுகர்வோர் பாதுகாப்புப் பகுதிக்கு 2003இன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் போதுமா? – வாசகர், தெமட்டகொடை

பதில்: போதாது. மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளையும் படியுங்கள். முறைப்பாட்டின் வரிசையைக் கட்டாயம் எழுதுங்கள்: முதலில் வங்கிக்கு எழுத்தில். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம் (தொலைபேசி 1935) அல்லது முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன். கவுண்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் கையில் முறைப்பாட்டின் தொடர்பிலக்கம் இராது. அடுத்த படியில் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் தலா 8 இலட்சம் நிலையான வைப்பு. இரண்டுக்கும் காப்புறுதி உண்டா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஒருவருக்கு, ஒரு வங்கிக்கு, உச்சம் 11 இலட்சம். கிளைகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. எனவே 16 இலட்சத்தில் 5 இலட்சம் வெளியே நிற்கிறது. ஒன்றை வேறு வங்கிக்கு மாற்ற நினைத்தால் முதிர்வுத் திகதிவரை பொறுங்கள். இடையில் உடைத்தால் வட்டி குறையும்.