கன் ஷோல பாத்த மாடல் 70ஐ வாங்கலாமா?

டெக்சாஸ்ல எச்1பி விசால இருக்கற ஒரு வாசகர் கேக்கறாரு: கன் ஷோல, அதாவது துப்பாக்கி விக்கற கண்காட்சில, வின்செஸ்டர் மாடல் 70 ரைபிள் ஒண்ணு பாத்தாராம், .300 சாவேஜ் காலிபர் (தோட்டா வகை), "ரெண்டாம் உலகப் போருக்கு முந்தினது, எல்லாமே ஒரிஜினல், கேஷ் குடுங்க, பேப்பர்லாம் வேணாம்"னு விக்கறவர் சொல்றாராம், நம்பலாமா?

அவசரப்படாதீங்க. 1936ல ஆரம்பிச்ச மாடல் இது, 1964ல செலவைக் குறைக்கறோம்னு மாத்துனப்ப தோட்டாவைக் கவ்வி இழுக்கற அந்தப் பெரிய நகம் போயிடுச்சு, மரக்கட்டைல பிடிமானத்துக்கு வெட்டின குறுக்குக் கோடு (செக்கரிங்) போய் அச்சுல அழுத்தின டிசைன் வந்துச்சு, அதான் பழசுக்கு இவ்ளோ மவுசு. பழசுலயும் .30-06, .270 எங்கயும் கிடைக்கும். .300 சாவேஜ் அபூர்வம், அதனாலதான் சாதா மாடல் 70க்கு பேரலை (குழலை) மாத்தி, .300 சாவேஜ்னு எழுத்தை அடிச்சு, டேபிள்ல வச்சிடறாங்க. நல்ல துப்பாக்கியை இப்படி நாசம் பண்றதப் பாத்தா வயிறு எரியுது.

கட்டையைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. பேரலுக்கு அடியில, ரிசீவர்கிட்ட (பேரல் மாட்டியிருக்கற, போல்ட் ஓடற இரும்பு உடம்பு), 41ன்னா 1941ங்கற மாதிரி ரெண்டு இலக்கத்துல வருஷம் அடிச்சிருக்கும். சீரியல் நம்பர் காட்டற வருஷத்தவிட அது ரொம்பப் பிந்தி இருந்தா பேரல் மாறியிருக்குன்னு அர்த்தம். அப்புறம் ரிசீவரோட பின்பக்கத்துல போல்ட்டுக்கு மேல பாலம் மாதிரி இருக்கற பாகத்தைப் பாருங்க, போருக்கு முந்தினதுல ஸ்கோப் மாட்ட அங்க கம்பெனி ஓட்டை போடல, ஓட்டை இருந்தா பின்னால யாரோ துளைச்சது. கழட்ட மாட்டேன்னா நடையைக் கட்டுங்க.

இப்ப விசா. ஒரே மாநிலத்துல தனி ஆள்கிட்ட பேப்பர் இல்லாம வாங்கலாம்ங்கறது டெக்சாஸ்ல சரிதான், ஆனா உங்களுக்கு அது போதாது, ஏன்னா எச்1பி, எச்4 மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கி வாங்கறது மட்டுமில்ல, கைல வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குத்தம், தோட்டாவும் அப்படித்தான். இதுக்கு முக்கியமான விலக்கு ஹன்டிங் லைசன்ஸ். மான் பக்கமே போகாம அலமாரில அழகுக்கு வைக்கறவரும் வேட்டை லைசன்ஸ் எடுத்தே ஆகணும்னா என்ன சட்டமோ, ஆனாலும் எடுங்க. டெக்சாஸ் ஹன்டிங் லைசன்ஸ் ஆகஸ்ட் 31ஓட முடிஞ்சிடும், எந்த மாசம் வாங்கினாலும் அதே தேதிதான், ஜூலைல எடுத்துட்டு வருஷம் பூரா ஓடும்னு இருந்துடாதீங்க. துப்பாக்கி வீட்ல இருக்கற வரைக்கும் லைசன்ஸும் உயிரோட இருக்கணும். "கேஷ் குடுத்தா போதும்"னவர் இதைச் சொல்லவே மாட்டார், மாட்டினா விசா போறது உங்களுக்குத்தான். மொதல்ல லைசன்ஸ், அப்புறம் கட்டையைக் கழட்டறது, கடைசியாத்தான் பணம்.