நீதிபதிக்குச் சம்பளம் தருவது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் சொன்ன இயற்கை உரிமைகள் உயிர், சுதந்திரம், சொத்து. 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஜெஃபர்சன் சொத்தை எடுத்துவிட்டு ‘மகிழ்ச்சியைத் தேடும் உரிமை’ என்று எழுதினார். இது முன்னேற்றமா, மழுப்பலா? அடிமைகளை வைத்திருந்தவர் எழுதிய உரிமைகளை நாம் ஏன் மதிக்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிரகடனம் மன்னர் மீது அடுக்கும் குற்றப்பட்டியலிலேயே மனம் கிடக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சொத்தா மகிழ்ச்சியா என்பதில் அதிகம் நிற்க வேண்டாம். லாக்கின் ‘சொத்து’ நிலபுலன் மட்டுமல்ல. அரசைப் பற்றிய இரண்டாம் நூலின் 123ஆம் பத்தியில் உயிர், சுதந்திரம், உடைமை மூன்றையும் சேர்த்தே அந்தப் பெயரால் அழைக்கிறார். பிரகடனத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஜூன் 12 அன்று வர்ஜீனியா ஏற்ற உரிமை அறிக்கையில் ஜார்ஜ் மேசன் சொத்து, மகிழ்ச்சி இரண்டையுமே எழுதியிருந்தார். ஜெஃபர்சன் எழுதியது அதைவிடச் சுருக்கம், அவ்வளவுதான்.

அடிமை முறை பற்றிய உங்கள் கோபத்தில் ஒரு சொல்லையும் குறைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் கோபப்பட்ட கையோடு லாக்கின் புத்தகத்தை மூடிவிடுகிறீர்களே, அது தவறு. தோட்டத்துக்குள் எஜமானே வழக்காளி, எஜமானே நீதிபதி. அது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அளக்கும் கோலை அந்தப் புத்தகமே தருகிறது.

உரிமைகளை வரிசையாக ஒப்பிக்கிறீர்கள். அரசு எதற்கு என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. 124 முதல் 126 வரை மூன்று பத்திகளைப் படியுங்கள். அரசே இல்லாத இயற்கை நிலையில் மூன்று குறைகள் என்கிறார் லாக்: எல்லாரும் அறிந்த நிலையான சட்டம் இல்லை, பக்கம் சாயாத நீதிபதி இல்லை, தீர்ப்பை நிறைவேற்றும் பலம் இல்லை. இந்த மூன்றையும் நிரப்பத்தான் அரசு. இரண்டாவது குறை நீங்காவிட்டால் மற்ற இரண்டும் நீங்கிப் பயனில்லை. தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லும் மன்னனுக்குக் கீழே இருப்பவன் அவனைப் பொறுத்தவரை இன்னும் இயற்கை நிலையில்தான் இருக்கிறான். 90, 91ஆம் பத்திகள் இதைத்தான் சொல்கின்றன.

லாக் இதை வெறும் கற்பனையில் எழுதவில்லை. அன்று இங்கிலாந்தில் மன்னர் நினைத்தால் நீதிபதியை நீக்கலாம். தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் 1616இல் அப்படித்தான் பதவி இழந்தார். 1686இல் இரண்டாம் ஜேம்ஸ், சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கும் தன் அதிகாரம் பற்றிய வழக்கு வருமுன்னே, ஒத்துவராத நீதிபதிகளை மாற்றிவிட்டார். 1701இல் வந்த அரியணை வாரிசுச் சட்டம் இதற்கு மூன்று பூட்டுப் போட்டது: நன்னடத்தை உள்ளவரை பதவி, வரையறுத்த சம்பளம், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கேட்டால் மட்டுமே நீக்கம். ஓர் ஓட்டை மிஞ்சியது. மன்னர் இறந்தால் நீதிபதியின் நியமனமும் முடிந்துவிடும். 1761இல் மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் அதையும் அடைத்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் அதே மன்னரின் ஆணை அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போனது: அங்கே மட்டும் நீதிபதிகள் மன்னர் விரும்பும்வரைதான்! 1772இல் மாசசூசெட்ஸ் உயர் நீதிபதிகளின் சம்பளத்தைச் சுங்க வருவாயிலிருந்து மன்னரே தருவது என்று ஏற்பாடானது. அதுவரை கொடுத்தது அந்தக் குடியேற்றத்தின் சட்டமன்றம். மன்னர் சம்பளத்தை விடமாட்டேன் என்ற தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் மீது 1774இல் அந்த அவை குற்றம் சாட்டியது. அவர் முன் ஜூரியாக உட்கார மக்கள் மறுத்தார்கள். பிரகடனத்தின் குற்றப்பட்டியலில் பதவிக் காலமும் சம்பளமும் ஒரே வரியில் வருவது இதனால்தான். நீங்கள் அதன் இரண்டாம் பத்தியின் அழகான வாக்கியங்களோடு நிறுத்திவிட்டதால் இது கண்ணில் படவில்லை.

சட்டமன்றம் சம்பளம் கொடுத்தபோதும் நிலைமை நன்றாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் அது பார்த்துத் தருவதுதான் சம்பளம். பிடிக்காத தீர்ப்பு வந்தால் கையை இறுக்கலாம். எனவே 1787 அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவு ஆட்சித் தலைவர், சட்டமன்றம் இரண்டு தரப்பையுமே தடுத்தது: மத்திய நீதிபதிக்கு நன்னடத்தை உள்ளவரை பதவி, பதவியில் இருக்கையில் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. கூட்டலாம். குடியரசுத் தலைவரின் சம்பளத்தையோ அவர் பதவிக் காலத்தில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தலைவருக்கு நான்கு ஆண்டு. நீதிபதி முப்பது ஆண்டுகூட இருக்கலாம், அதற்குள் பணத்தின் மதிப்பு இறங்கிவிடும் என்று, அந்தச் சாசனத்தை ஆதரித்து எழுதிய ஹாமில்டன் காரணம் சொன்னார்.

அன்புடன்.