துண்டும் குளிசையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் சின்னப் பாமசி ஒன்று நடத்துகிறான். முன்பெல்லாம் "மெடிக்கெய்ட் மருந்துத் துண்டு கூடக்கூட நட்டம்தான் அம்மா" என்பான். கடையை மூடும் யோசனையும் இருந்தது. இப்போது சட்டம் மாறிக் கொஞ்சம் பரவாயில்லையாம். அரசாங்கம் காசு கட்டும் துண்டில் நட்டம் எப்படி வரும்? இவன் கணக்குப் பார்க்கத் தெரியாமல் சொல்கிறானோ?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மகன் கணக்கில் பிழையில்லை அம்மா.

மெடிக்கெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரச மருத்துவக் காப்புறுதி. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து காசு போடும், நடத்துவது மாநிலம். நம்முடைய அரசாங்க ஆஸ்பத்திரி போலக் கியூவில் நின்று சும்மா வாங்கிவரும் மருந்தல்ல அது. ஆள் துண்டோடு கடைக்கு வருவார், மகன் தன் காசில் வாங்கி வைத்த குளிசையை எண்ணிக் கொடுப்பார், பணம் பிறகு வரும். எவ்வளவு வரும் என்பதில்தான் வில்லங்கம்.

பல மாநிலங்கள் இந்த வேலையைக் காப்புறுதிக் கம்பனிகளிடம் கொடுத்துவிட்டன. அந்தக் கம்பனிகள் மருந்துக் கணக்குக்கு மட்டும் வேறொரு கம்பனியைப் பிடித்தன. அதைத்தான் பி.பி.எம். என்பார்கள். விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு போத்தல் குளிசைக்கு பி.பி.எம். காப்புறுதிக் கம்பனியிடம் 20 டொலர் வாங்குகிறது, பாமசிக்கு 12 கொடுக்கிறது. மகன் அதை 13 டொலருக்கு வாங்கியிருந்தால் 1 டொலர் கைநட்டம். நடுவில் நின்ற 8 டொலர் அவர் கண்ணில் படவே படாது. மாநிலம் நேரே கட்டும் துண்டுக்குக் கொள்விலையை ஒட்டித்தான் பணம் கொடுக்க வேண்டும் என்று 2016இல் மத்திய அரசு விதி போட்டது. ஆனால் கம்பனி வழியாகப் போகும் துண்டை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை.

ஒஹாயோவின் கணக்காய்வாளர் 2018இல் இதைத் தோண்டிப் பார்த்தார். ஒரே வருடத்தில் இப்படி நடுவில் தங்கியது 22 கோடி 48 இலட்சம் டொலர்! அதன்பிறகுதான் பிடி இறுகியது. 2022 ஒக்டோபரிலிருந்து அங்கே மெடிக்கெய்ட் கம்பனிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பி.பி.எம்., அதுவும் மாநிலமே ஒப்பந்தம் போட்டு வைத்தது. மகன் சொல்லும் மாற்றம் இதுவாகத்தான் இருக்கும். நியூயோர்க் இன்னும் ஒரு படி மேலே போனது. 2023 ஏப்ரலில் மருந்துப் பகுதியைக் கம்பனிகளிடமிருந்து கழற்றித் தானே கட்டத் தொடங்கியது. மருந்து விலைக்கு மேலே, கொடுக்கும் கைக்குக் கூலியாகத் துண்டுக்கு 10.18 டொலர்.

அந்தக் கூலியைப் பற்றி வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. 34 வருடம் வெள்ளவத்தையில் கவுன்டருக்குப் பின்னால் நின்றவன் நான். டொக்டரின் கிறுக்கலை வாசிப்பதற்கு எனக்கு யாரும் தனியாக ஒரு சதம் தந்ததில்லை.

நட்டம் எனக்கும் வந்திருக்கிறது. 2016இல் இங்கே 48 மருந்துகளுக்கு உச்சவிலை வந்தபோது, கடை மூடிய பிறகு நானும் கடைப் பெடியனும் பெட்டிகளை மேசையில் கொட்டி, பழைய விலையின் மேல் கறுப்பு மார்க்கரால் கோடு இழுத்துக்கொண்டிருந்தோம். கூட விலைக்கு வாங்கிய பிரஷர் குளிசையைக் குறைத்து விற்றேன். சனங்களுக்கு நல்லது, எனக்கு அந்த மாதம் கையைக் கடித்தது. ஆனால் விலை வர்த்தமானியில் அச்சில் இருந்தது. யாரைத் திட்டுவது என்றாவது தெரிந்தது. உங்கள் மகனுக்கு அந்த ஆறுதலும் இருந்திருக்காது.

ஒன்று கேட்டுப் பாருங்கள்: கடைக்கு வரும் துண்டில் எத்தனை மெடிக்கெய்ட், எத்தனை தனியார் காப்புறுதி? இந்த ஒரே பி.பி.எம். ஏற்பாடு மெடிக்கெய்டுக்கு மட்டும்தான்.

கேள்வி: மெடிக்கெய்ட், மெடிக்கெயார் இரண்டும் ஒன்றுதானே?
– தெஹிவளை வாசகர்

பதில்: இல்லை. இரண்டும் 1965இல் ஒரே சட்டத்தில் பிறந்தவை, அதனால்தான் குழப்பம். மெடிக்கெயார் பெரும்பாலும் 65 வயது தாண்டியவர்களுக்கு, அதை நடத்துவது மத்திய அரசு. மெடிக்கெய்டுக்கு வயதைவிட வருமானம்தான் கணக்கு.

கேள்வி: பத்து வருடமாகப் போகும் பாமசியில் துண்டில்லாமல் அமொக்சிசிலின் தரமாட்டோம் என்கிறார்கள். பழகிய முகத்துக்கு இப்படியா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: பழகிய முகம் என்பதால்தான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். அன்டிபயோட்டிக்குக்குத் துண்டு வேண்டும் என்பது சட்டம். நானும் கொஞ்சக் காலம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவன்தான், பெருமையாகச் சொல்லவில்லை. தடிமனுக்கு அது வேலையும் செய்யாது. காய்ச்சல் மூன்று நாள் தாண்டியிருந்தால் இந்தப் பதிலை வாசித்துக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் போங்கள், இரத்தம் சோதிக்கச் சொல்வார். கொழும்பில் டெங்கு இருக்கிறது.