முன்சக்கரம் கழற்றும்போது வேக சென்சாரை என்ன செய்வது?

குமுளித் தம்பிக்கு வணக்கம். பைக்கின் முன்சக்கர பேரிங் மாற்ற வேக சென்சாரைக் கழற்ற வேண்டும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கும் எரியக் கூடாது என்கிறீர்கள். கம்பத்தில் என் வண்டிக்கும் இதே வேலையைச் செய்திருக்கிறேன்.

முதலில் சாவியை அணைத்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரைப் பிடித்திருக்கும் சிறிய போல்ட்டை மட்டும் கழற்றி, ஒயர் இழுபடாமல் ஃபோர்க்கோடு கட்டிவையுங்கள். கனெக்டரைத் தொடவே வேண்டாம். இணைப்பு விட்டுப்போன நிலையில் சாவியைப் போட்டால் வண்டியின் கணினி பிழையைப் பதிவுசெய்யும்.

சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் செம்மண்ணும் சேரும். துணியால் துடையுங்கள். சக்கரத்தோடு சுற்றும், சென்சார் வேகத்தை அறிய உதவும் பல் வளையம் வளையக் கூடாது. போல்ட்டை அளவோடு முடுக்குங்கள், எளிதில் மரை போய்விடும்.

சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிவது இயல்பு. சிறிது தூரம் ஓட்டியதும் அணையும். அணையாவிட்டால் சென்சார் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

சென்சார் இல்லாமலே ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், தம்பி. விளக்கை மறைத்தாலும் ஏபிஎஸ் வேலை செய்யாது. ஈரச் சாலையில் லோயர் கேம்ப் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அது கட்டாயம் வேண்டும்.