‘இஷின்!’ ரீமேக் வாங்கலாமா? விமர்சனங்களைப் படிக்கும் முறை

கேள்வி: ‘லைக் எ டிராகன்: இஷின்!’ 2023-ல் வந்த கேம். ஆனாலும் பல விமர்சகர்கள் அது பழசாகத் தெரிகிறது என்கிறார்கள். வேறு சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். யாரை நம்பி வாங்குவது?

பதில்: இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஜப்பானிய நிழலுலகக் கதைகளுக்குப் பேர்போன யாகுசா தொடரின் கிளையான இந்த சாமுராய் கேமின் எலும்பு 2014-ஐச் சேர்ந்தது, தோல்தான் 2023. ஜப்பானில் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) விற்பனைக்கு வந்த அதே நாளில், 2014 பிப்ரவரி 22 அன்று, முதல் ‘இஷின்!’ பிஎஸ்3, பிஎஸ்4 இரண்டுக்கும் வெளியானது. ஒன்பது ஆண்டுகளாக அது ஜப்பானைத் தாண்டவில்லை. செகாவின் ரியூ கா கோதோகு ஸ்டுடியோ அதை அன்ரியல் என்ஜின் 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் மறுபடி கட்டி, 2023 பிப்ரவரி 21 அன்று பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், பிசி எல்லாவற்றுக்கும் வெளியிட்டது. அவர்களுடைய சொந்த டிராகன் என்ஜின் இரவு நேர நியான் விளக்கு நகரங்களுக்குப் பொருந்தியது, பகல் வெளிச்சத்துக்கு அன்ரியல் தேவைப்பட்டது என்பது ஸ்டுடியோ தந்த விளக்கம். விளையாடும்போது அது கண்ணுக்குத் தெரியும். மரச்சுவரில் விழும் வெயிலும் துணியின் நெசவும் நன்றாக வந்திருக்கின்றன.

பழசு எங்கே எட்டிப் பார்க்கிறது? முக்கியக் கதைக் காட்சி ஒன்றில் நாயகன் ரியோமாவின் முகத்தை அருகில் காட்டும்போது நெற்றிச் சுருக்கம் வரை தெரியும். காட்சி முடிந்து தெருவில் யாரோ ஒருவர் உதவி கேட்டுக் கூப்பிட்டால், அதே ரியோமா விறைப்பாக நிற்பார், கை பொம்மைக் கை போல ஏறி இறங்கும், குரலுக்குப் பதில் வசனப் பெட்டிதான் ஓடும். ஃபுஷிமியிலிருந்து ரகுகாய், அங்கிருந்து கியோன் என்று பகுதி மாறும்போது லோடிங் திரை குறுக்கே வரும். இவையெல்லாம் 2014-ன் வடிவமைப்பு. என்ஜினை மாற்றினாலும் போகாது. ரீமேக் என்ற சொல்லைக் கேட்டு அடிமுதல் புதிதாகச் செய்த கேமை எதிர்பார்த்தவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். கதைக்காகவும் சண்டைக்காகவும் வந்தவர் இதைப் பொருட்படுத்தவில்லை. வாங்கும் முன் நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மெட்டாகிரிட்டிக்கில் ஒரு எண், ஸ்டீமில் வேறொரு சதவீதம். எதைப் பார்ப்பது?

பதில்: இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மெட்டாகிரிட்டிக் எண் என்பது விமர்சகர்கள் தந்த மதிப்பெண்களின் சராசரி; அதிலும் எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை கிடையாது. கேம்களில் 75-ம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், பிசி ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு என்பதால், உங்களிடம் இருக்கும் கன்சோலின் எண்ணை மட்டும் பாருங்கள்.

பிசி கேம்களை விற்கும் கடையான ஸ்டீம் காட்டும் சதவீதம் மதிப்பெண்ணே இல்லை. நூறு பேரில் எத்தனை பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள் என்ற கணக்கு அது. நூறு பேரும் ‘பரவாயில்லை, வாங்கலாம்’ என்று நினைத்தாலே 100 சதவீதம் வந்துவிடும். அதனால் ஸ்டீமில் 85 என்பதும் விமர்சகர் தரும் 85-ம் ஒன்றல்ல.

பயனுள்ள வழி ஒன்று உண்டு. ஸ்டீம் விமர்சனப் பகுதியில் விளையாடிய நேரத்தை வைத்து வடிகட்டலாம். 20 மணி நேரத்துக்கு மேல் விளையாடியவர்கள் எழுதிய எதிர்மறை விமர்சனங்களை மட்டும் படியுங்கள். கதையைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டு ஒருவர் குறை சொல்கிறார் என்றால், அந்தக் குறை உங்களையும் தொடும் வாய்ப்பு அதிகம். முதல் நாள் கோபத்தில் எழுதியவை இதில் தானாகக் கழிந்துவிடும்.

கேள்வி: சாமுராய் கேம் என்று நினைத்தால், கையிலிருந்து தீயும் மின்னலும் பறக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். சண்டை உண்மையில் எப்படி? இந்தக் குறையைப் பலரும் சொல்கிறார்களே?

பதில்: நீங்கள் பார்த்தது ட்ரூப்பர் கார்டு, அதாவது சண்டையில் சிறப்புச் சக்தி தரும் படைவீரர் அட்டை. 2014 மூலத்தில் இந்தக் கார்டுகள் போர்க்குகை என்று சொல்லத்தக்க ஒரு தனிப் பகுதிக்குள் மட்டும்தான் இருந்தன. ரீமேக்கில் அவற்றை எல்லாச் சண்டைகளுக்கும் திறந்துவிட்டார்கள். சண்டை நடுவே ஒரு பட்டனைத் தட்டினால் உடல்நலம் ஏறும், தீ வளையம் வெடிக்கும். விமர்சகர்கள் பிரிந்த மிகப் பெரிய இடம் இதுதான். வாளுக்கு வாள் மோதும் பதற்றம் போய்விட்டது என்றது ஒரு சாரார். இந்தத் தொடருக்கே உரிய கூத்து என்றது இன்னொரு சாரார். முதல் சாராரின் குறை நியாயமானது. நல்ல கார்டுகள் சேர்ந்த பிறகு, கவனமாக ஆட வேண்டிய எதிரிகூடச் சில நொடிகளில் விழுகிறான். ஆனால் கார்டுகளைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தப் பாணியில் எந்தக் கார்டு என்பதை நீங்கள்தான் பொருத்துகிறீர்கள். வாள் பாணியில் எதையும் பொருத்தாமல் விட்டுவிட்டால் சுத்தமான வாள் சண்டையாகவே ஆடலாம்.

பாணிகள் நான்கு: வாள், துப்பாக்கி, வாளும் துப்பாக்கியும் சேர்ந்த சுழல் நடனம், வெறுங்கை. விமர்சகர்கள் அதிகம் கொஞ்சியது மூன்றாவதை. கூட்டத்துக்கு நடுவே சுழன்றபடி வெட்டிச் சுடும்போது, இதற்காகவே வாங்கலாம் என்று தோன்றும். துப்பாக்கியில் சாதாரணக் குண்டு தீரவே தீராது. வெறுங்கைப் பாணி மற்ற மூன்றுக்கும் ஈடுகொடுப்பதில்லை. எதிரியின் அடியைத் தடுத்துத் திருப்பும் கைப்பழக்கம் உள்ளவருக்கே அது உதவும்.

இன்னொரு குறை கடைசிப் பகுதியில் வரும், முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பிந்தைய அத்தியாயங்களில் தலைமை எதிரிகளின் உயிர்ப்பட்டை மிக நீளம். தொடக்கத்தில் கிடைத்த வாளோடு போனால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதைத் தவிர்க்கக் கொல்லரிடம் ஆயுதத்தை மேம்படுத்த வேண்டும். அதற்கு உலோகம் முதலான மூலப்பொருள் வேண்டும். அதைச் சேர்க்க அந்தப் போர்க்குகைக்குள் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அலுப்பு தட்டுகிறது என்று பலர் எழுதியது இந்தச் சுற்றைத்தான். அதைக் குறைக்க ஒரு வழி: பத்து வாள்களில் பொருளைச் சிதறடிக்காமல் ஒரு வாள், ஒரு துப்பாக்கி என்று தேர்ந்தெடுத்து அவற்றையே ஏற்றுங்கள். புதுத் திறன்களைத் திறக்கும் உருண்டைகளிலும் வீணாகாமல் பார்த்துக்கொள்ளலாம். பொது அனுபவத்தில் கிடைக்கும் பயிற்சி உருண்டையை எந்தப் பாணியிலும் போடலாம். பிறகு அந்தப் பாணிக்கே உரிய உருண்டை கிடைத்ததும் அதை அந்த இடத்தில் வைத்து, பயிற்சி உருண்டையைத் திரும்ப எடுத்து வேறு பாணிக்குக் கொடுக்கலாம். ஆகவே தொடக்கத்தில் பயந்து பூட்டி வைக்க வேண்டாம்.

கேள்வி: ஜப்பானிய வரலாறு தெரியாது. யாகுசா தொடரின் மற்ற கேம்களும் ஆடியதில்லை. புரியுமா?

பதில்: புரியும், ஆனால் வாசிக்க வேண்டியது நிறைய. குரல் ஜப்பானிய மொழியில் மட்டுமே உள்ளது, ஆங்கில டப்பிங் கிடையாது. எனவே ஆங்கில வசன வரிகளை ஓட்டத்தோடு படிக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். காட்சிகளில் வரும் கடினமான வரலாற்றுச் சொற்களுக்கு விளக்கம் தரும் சொற்பட்டியல் வசதி உள்ளே இருக்கிறது. அதைத் தயங்காமல் திறந்து படியுங்கள்.

அடிப்படை மூன்று போதும். காலம் 1860-கள், ஷோகுன் எனப்படும் ராணுவத் தலைவரின் ஆட்சி சரியும் நேரம். சகமோட்டோ ரியோமா ஜப்பானின் டோசா பகுதியைச் சேர்ந்தவர், 1867-ல் கியோட்டோவில் கொல்லப்பட்ட நிஜ மனிதர். ஷின்செங்குமி என்பது 1863-ல் அமைந்த, ஷோகுன் பக்கம் நின்று கியோட்டோவில் காவல் காத்த வாள்படை. கேமின் கதை இவர்களை எடுத்துக்கொண்டு தன் வழியில் போகிறது: தன்னை வளர்த்தவரைக் கொன்ற முகமூடிக்காரனைத் தேடி, ரியோமா சைட்டோ ஹஜிமே என்ற பெயரில் ஷின்செங்குமிக்குள் நுழைகிறார். வரலாற்றில் ரியோமாவும் சைட்டோவும் வெவ்வேறு ஆட்கள். அதனால் இதைப் பாடப்புத்தகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கதாபாத்திரங்களின் முகங்கள் யாகுசா தொடரிலிருந்து வந்தவை. பழைய ரசிகருக்கு அது ஒரு கூடுதல் சுவை, புதியவருக்கு இழப்பு எதுவும் இல்லை. ரீமேக்கில் சில படைத்தலைவர்களின் முகங்களை 2014-க்குப் பிறகு வந்த யாகுசா கேம்களின் பாத்திரங்களாக மாற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: டீலக்ஸ் பதிப்பு வாங்கினால் லாபமா? பிசியில் ஓடாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: டீலக்ஸ் வேண்டாம். வெளியான நேரத்தில் அதன் முக்கிய ஈர்ப்பே நான்கு நாள் முன்னதாக விளையாடலாம் என்பதுதான். இப்போது அதற்கு மதிப்பு இல்லை. மிச்சம் இருப்பவை உடையும் தொடக்கத்துக்கான பொருள் பொதிகளும். சாதாரணப் பதிப்பை ஸ்டீம் விருப்பப் பட்டியலில் போட்டு, பருவகாலத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். இந்த கேமில் ஒரு சிக்கல்: தொடக்கம் டோசாவில், அதிலும் பெரும்பகுதி கதைக் காட்சிகள். காட்சி ஓடும் நேரமும் அந்த 2 மணிக் கணக்கில் சேரும். பிசியின் திறனைச் சோதிக்க ஆள் நிறைந்த கியோ (கியோட்டோ நகர்) தெருக்கள்தான் சரியான இடம், அவை பிறகுதான் வருகின்றன. எனவே முதல் சோதனையில் காட்சிகளைத் தாண்டிவிட்டு, தெருவில் ஓடியும் நான்கைந்து பேரோடு சண்டையிட்டும் பாருங்கள். ஒவ்வொரு புது விளைவும் முதல் முறை வரும்போது மட்டும் படம் ஒரு நொடி திக்கினால், அது அன்ரியல் 4 கேம்கள் பலவற்றிலும் காணும் ஷேடர் (ஒளி, நிழலைக் கணக்கிடும் சிறு நிரல்) தயாரிப்புத் தாமதமாக இருக்கும், போகப் போகக் குறையும். எப்போதும் திணறினால் கிராஃபிக்ஸ் கார்டு போதவில்லை. நிழல் அளவையும் திரைத் தெளிவையும் இறக்கியும் சரியாகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்தியானால் புதிதாகத் தொடங்கிக் கதையை முழுதாகப் பாருங்கள்.

பிளேஸ்டேஷன் கடையில் விதி கடுமை: பதிவிறக்கம் தொடங்கிவிட்டால், பொருளில் பழுது இருந்தாலொழியப் பணம் திரும்பாது. வெளியார் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டீம் கீகளுக்கு (கேமைத் திறக்கும் குறியீடுகளுக்கு) ஸ்டீம் பணம் திருப்பித் தராது. அந்த கீ உங்கள் நாட்டில் செல்லாமல் போகவும் கூடும்.

கேள்வி: 80 மணி நேரம் எல்லாம் முடியாது. சாமுராய் காலத்திலேயே சிறியதாக ஒன்று?

பதில்: ‘இஷின்!’ முக்கியக் கதை மட்டும் என்றால் சுமார் 20 மணி நேரம்தான். கோழிப் பந்தயம், விறகு வெட்டுதல், தோட்டம் என்று போனால்தான் நீளும். அதுவும் அதிகம் என்றால் கேப்காமின் ‘ஒனிமுஷா: வார்லார்ட்ஸ்’ பாருங்கள். 2001-ல் பிஎஸ்2-க்கு வந்தது, 2019 ஜனவரியில் ரீமாஸ்டராக, அதாவது மெருகேற்றிய பதிப்பாகத் திரும்பியது. நான்கைந்து மணி நேரத்தில் முடியும். கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளிய திசையில் நடக்கும் புதிய கட்டுப்பாடும், மெனு திறக்காமல் ஆயுதம் மாற்றும் வசதியும் சேர்த்திருக்கிறார்கள். பின்னணிகள் பழைய நிலைப்படங்களே. இசை மட்டும் புதியது. விமர்சகர்கள் சொன்ன முக்கியக் குறை, வசதிகள் குறைவு, நீளமும் குறைவு என்பது. உங்கள் தேவைக்கு அந்த நீளம் குறையே அல்ல, தள்ளுபடியில் வாங்கலாம்.