அம்மாச்சியின் அரிசி நோட்டு

வணக்கம்.

எங்கள் அம்மாச்சி போன மாதம் காலமானார். வயது 93. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் 38 வருஷம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற்ற மறுவருஷமே, பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கத்தில் சேர்ந்து இரவு வகுப்பு எடுத்தார். வருஷ நினைவுக்குள் ஒரு சிறு மலர் கொண்டுவர நினைக்கிறோம். மாமா எழுதித் தந்ததில் 'அன்பின் உருவம், குலவிளக்கு, சேவையின் சிகரம்' என்றே இரண்டு பக்கம் போகிறது. படித்தால் யாருடைய பாட்டி என்றே தெரியவில்லை.

அம்மாவைக் கேட்டால், "அவங்க எங்கே வீட்ல இருந்தாங்க? என்னை வளர்த்தது அத்தைதான்" என்கிறார். (அந்த அத்தை அம்மாச்சியின் நாத்தனார். இளவயதில் கணவரை இழந்து, பிறந்த வீட்டோடு வந்து தங்கியவர். அம்மா பிறந்தது 1956இல்.) இதையெல்லாம் மலரில் போடலாமா?

இன்னொன்று. டிரங்குப் பெட்டியில் 1957, 58 என்று தேதி போட்ட நோட்டு ஒன்று கிடைத்தது. வீட்டுப் பெயர்கள், எதிரே 'அரைப்படி', 'ஆழாக்கு', சில இடங்களில் 'அடுத்த வாரம்'. கடன் கணக்கா இது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நோட்டிலிருந்தே தொடங்குகிறேன். அது கடன் கணக்காக இருக்காது. தேதியையும் அளவையும் அவர் பார்த்த வேலையையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளி மதிய உணவுக்காக ஊரில் வாங்கிய அரிசி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர்க்காரர்கள் தரும் அரிசியையும் பருப்பையும் விறகையும் நம்பித்தான் அடுப்பு எரிந்தது. பிறகு அரசு மானியம் வந்தது. அப்போதும் ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்கிட்டு, 6 பைசா அரசும் 4 பைசா ஊரும் போட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 1982இல் சத்துணவு வந்த பிறகு பள்ளிக்குப் போனவர்களுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனியே ஆள் இருந்ததுதான் நினைவிருக்கும். அதற்கு முந்தைய காலத்தில் பல ஊர்களில் ஆசிரியர்களே வாசல் வாசலாகப் போய் நின்றார்கள். திட்டத்தைத் தந்தவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அந்த 4 பைசாவைச் சேர்த்தவர்களின் பெயர் இப்படி டிரங்குப் பெட்டிகளில்தான் கிடக்கிறது.

'அடுத்த வாரம்' என்ற குறிப்பைக் கவனியுங்கள். இல்லை என்று சொன்ன வீட்டை அவர் அடித்துவிடவில்லை. மறுபடி போயிருக்கிறார். 25 வயதுப் பெண், சம்பளத்தில் சேராத வேலைக்காக, ஊரான் வாசலில் இரண்டாம் முறை போய் நிற்பது லேசுப்பட்ட காரியமா? மாமாவின் இரண்டு பக்கத்தையும்விட அந்த இரண்டு சொல்லில் உங்கள் அம்மாச்சி தெளிவாகத் தெரிகிறார். நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து மலரில் அப்படியே போடுங்கள். ஆனால் கொடுக்காத வீடுகளின் பெயர் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அன்று இல்லாமல் இருந்திருக்கும்.

சரி, அம்மாவின் மனக்குறைக்கு வருவோம். அந்த நோட்டு எழுதப்பட்டபோது உங்கள் அம்மாவுக்கு ஒன்றோ இரண்டோ வயது. அம்மாச்சி அரிசி வாங்கப் போன நேரத்தில் குழந்தை யார் இடுப்பில் இருந்தது? அந்த அத்தையின் இடுப்பில்தான். அவர் உலை வைத்ததால்தான் இவர் பள்ளிக்கூடத்து உலைக்கு அரிசி தேடிப் போக முடிந்தது. ஊருக்கு உழைத்த பெண்களைப் பற்றி எழுதும்போது 'குடும்பத்தையும் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டார்' என்று ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். ஒரே ஆள் இரண்டையும் குறைவில்லாமல் பார்க்க முடியாது. அங்கே இன்னொரு பெண்ணின் ஆயுள் செலவாகியிருக்கிறது, உங்கள் அம்மாவின் பிள்ளைப் பருவத்திலும் கொஞ்சம். அம்மா சொன்னதை அவர் பேச்சிலேயே போடுங்கள். அதனால் அம்மாச்சியின் மதிப்பு குறையாது. அத்தைக்கும் மலரில் ஒரு பக்கம் வேண்டும். படம் இருந்தால் அம்மாச்சி படத்தின் அளவிலேயே அச்சிடுங்கள்.

அறிவொளிக் காலம் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை! 1991இல் புதுக்கோட்டையில் நடந்தது சாதாரண காரியமில்லை. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். கல்குவாரிப் பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றதோடு நிற்காமல் குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். தொண்டர்கள் சம்பளமில்லாமல் பாடம் நடத்தினார்கள். அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காமல், புழக்கத்தில் உள்ள சொற்களிலிருந்து எழுத்துக்குப் போகும் முறை. 38 வருஷம் அகரவரிசையில் சொல்லிக்கொடுத்த டீச்சர், 59 வயதில் அந்தப் புதுமுறைக்குப் பழகியிருக்கிறார்.

அவரிடம் அப்போது படித்தவர்கள் இன்று அறுபது, எழுபது வயதில் ஊரில் இருப்பார்கள். நேரில் போய்க் கேளுங்கள். வகுப்பு எங்கே நடந்தது, திண்ணையிலா கோயில் வாசலிலா? விளக்கு யார் கொண்டுவந்தது? களையெடுத்துவிட்டு வந்து தூங்கி விழுந்தவரை டீச்சர் என்ன செய்வார்? திட்டுவாரா? 'நல்லவங்க, தங்கமானவங்க' என்று ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் என்று காத்திருங்கள். அதற்குப் பிறகு வருவதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊர்க்காரர்தான் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, ஆண்கள் கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு படித்து, மருத்துவராகி, 1930இல் அவ்வை இல்லத்தையும் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கியவர். அவரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அவரே எழுதிவைத்ததும் ஒரு காரணம். சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த அனுபவத்தை 1930இலேயே புத்தகமாக்கினார், பின்னாளில் தன்வரலாறும் எழுதினார். உங்கள் அம்மாச்சி எழுதிவைத்தது ஒரு அரிசிக் கணக்கு மட்டும். மீதியை நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும்.

மாமாவின் கட்டுரையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அக்கா தம்பி மனஸ்தாபம் ஆகிவிடும். அதைச் சுருக்கி முன்னுரையாக வைத்துக்கொள்ளலாம். முதலில் அம்மாவிடம் நோட்டைக் காட்டி, அதில் உள்ள வீடுகளில் எது எது அவருக்குத் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.